இரண்டேகால் ஏக்கருக்கு உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி: எதை வாங்குவது?

கிருமாம்பாக்கம் தோப்பு:

எல்லோருக்கும் வணக்கம். புதுச்சேரி – கடலூர் சாலையில் கிருமாம்பாக்கத்திலிருந்து கிழக்கே உள்ளே தள்ளி எங்கள் இடம். மொத்தம் இரண்டேகால் ஏக்கர். வீட்டைச் சுற்றி முக்கால் ஏக்கர் புல்தரை, பின்னால் ஒன்றரை ஏக்கர் தென்னை. 2011 தானே புயலில் பழைய தோப்பு அப்படியே படுத்துவிட்டது. அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் கயிறு பிடித்து 25 அடிக்கு ஒன்றாக நட்ட மரங்கள்தான் இப்போது இருப்பவை. நூறு இருக்கும். மணல் கலந்த மண். தோப்பின் கடைசியில் வடிகால் வாய்க்காலை நோக்கி நிலம் இறங்கும்.

இதுவரை பிரஷ் கட்டர்காரரைக் கூப்பிட்டு ஓட்டிவிட்டோம். அவரை ஐப்பசியில் கூப்பிட்டால் தையில் வருகிறார். வருவதற்குள் கோரை முழங்காலைத் தாண்டிவிடுகிறது, கண்ணாடி விரியன் பயம் வேறு. வீட்டுக்காரருக்கு மூட்டு வலி. மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க டாக்டர் கூடாதென்று சொல்லிவிட்டார். உட்கார்ந்து வண்டி ஓட்டுவதில் சிரமமில்லை.

என் நாத்தனார் மகன் அமெரிக்காவில் வட கரோலினாவில் இருக்கிறான். அவன் வீட்டில் ஜீரோ டர்ன் என்று இரண்டு கைப்பிடி வைத்த ஒன்று. "அத்தை, இதைவிட நல்ல மிஷின் கிடையாது, பழசு ஒன்று பிடித்துக் கப்பலில் அனுப்பவா" என்று தினம் ஒரு வீடியோ அனுப்புகிறான். இங்கே விசாரித்தால் டிராக்டர் மாதிரி இருக்கும் 38 அங்குல வண்டி ஒன்றைக் காட்டி மூன்றரை லட்சம் சொல்கிறார்கள். 42 அங்குலம் வேண்டுமென்றால் தனியாக ஆர்டர் போட வேண்டுமாம்.

38 போதுமா, 42 வேண்டுமா? கியர் வண்டியா, ஹைட்ரோவா? ஜீரோ டர்னை அனுப்பச் சொல்லலாமா? புல்தரைக்கும் தோப்புக்கும் நடுவில் மதில், அதில் நாலடி கேட் ஒன்றுதான் வழி. இதையெல்லாம் யோசித்துச் சொல்லுங்கள்.


சோரியாங்குப்பம் பால்:

அக்கா, மூணரை லட்சத்துக்கு நாலு கறவை மாடு வரும். தோப்பையும் மேயும், சாணியும் போடும், பாலும் குடுக்கும். பெட்ரோல் கேக்காது. யோசிங்க.


மொரட்டாண்டி பட்டறை:

அம்மா, வணக்கம். நான் சின்ன இன்ஜின் வேலை பாக்கறவன். ஈசிஆர் ரிசார்ட்டு, ஆரோவில் ரோட்டு கெஸ்ட் ஹவுஸு இங்கேருந்தெல்லாம் புல்வெட்டி மிஷின் நம்ம பட்டறைக்குத்தான் வருது. எல்லாரும் முதல்ல கம்பெனி பேரைக் கேப்பாங்க. நீங்க கேட்டையும் மண்ணையும் சொல்லிட்டுக் கேட்டீங்க, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

38-ஆ 42-ஆன்னு கேட்டீங்க. அதுக்குப் பதில் உங்க தோப்புலயே இருக்கு. மரத்துக்கு மரம் 25 அடி. வளர்ந்த தென்னைக்கு வட்டப்பாத்தி ஆறடி ஆரம் எடுத்திருப்பீங்க. அப்போ ரெண்டு மரத்துக்கு நடுவுல ரெண்டு பாத்தி சேர்ந்து 12 அடி தின்னுடும். மிச்சம் 13 அடி, அதாவது 156 அங்குலம். இதுதான் வண்டி ஓடுற சந்து. டெக்குங்கறது வண்டிக்கு அடியில ப்ளேடு சுத்துற கூடு. 38 அங்குல டெக்கை நாலு தடவை ஓட்டினா 152. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம ஓட்டினாக்கூட நாலு அங்குலம் நிக்கும், ஏத்தி ஓட்டினா ஒரு முழத்துக்குக் கிட்ட வெட்டாத புல்லே நிக்கும். அந்தத் துண்டுக்காக ஒவ்வொரு வரிசைக்கும் அஞ்சாவது தடவை போயிட்டு வரணும். 42-ன்னா நாலு தடவைக்கு 168. தடவைக்கு மூணு, நாலு அங்குலம் ஏத்தி ஓட்டிக்கலாம், நாலுலயே சந்து முடிஞ்சிடும். போக ரெண்டு, வர ரெண்டு, வண்டி கிளம்பின பக்கத்துக்கே வந்து நிக்கும். 48 போட்டா மூணு தடவையில முடியாது, நாலுன்னா அநியாயம். 54 மூணுல முடிக்கும், ஆனா உங்க கேட்டுல நுழையாது. உங்க தோப்புக்கு 42 தான் அளவு. இன்னொருத்தர் தோப்புக்கு இந்தக் கணக்கு ஒத்து வராது.

கேட்டுக்கு வரேன். நாலடின்னா 48 அங்குலம். 42 டெக்குதானே, போயிடும்னு நினைக்காதீங்க. 42-ங்கறது ப்ளேடு வெட்டுற அகலம். டெக்கோட தகடு, பக்கத்துல புல்லைத் துப்புற சூட்டு எல்லாம் சேர்ந்தா இன்னும் எட்டு, பத்து அங்குலம் கூடும். சூட்டை மேல மடக்கிப் பிடிச்சா நுழையலாம், தினம் அதே வேலையா இருக்கும். கொஞ்ச நாள் கழிச்சு ஓட்டுறவரு சூட்டையே கழட்டி ஷெட்டுல மாட்டி வெச்சிடுவாரு. எங்கிட்ட வர்ற வண்டியில பாதி அப்படித்தான் வருது. சூட்டு இல்லாத டெக்குலேருந்து ஒரு ஜல்லி வந்தா எதிர்ல நிக்கறவன் கால் எலும்பு நிக்காது. ப்ளேடு நுனி மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்துல சுத்துற சாமான் இது. அதனால வண்டிக்கு அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டை அஞ்சரை அடியாக்குங்க.

ஜீரோ டர்ன் கெட்ட வண்டி இல்லை. பூச்செடிப் பாத்தி, பெஞ்சு, சிலை, நீச்சல் குளம்னு குறுக்கும் நெடுக்கும் தடை இருக்கற இடத்துல அது நின்ன இடத்துலயே திரும்பும், நேரம் மிச்சம். உங்க மரம் கயிறு பிடிச்ச வரிசை. நேரா போகணும், கடைசியில ஒரு தடவை திரும்பணும். அந்த ஒரு திருப்பத்துக்கு அவ்வளவு காசு எதுக்கு? இன்னொண்ணு, அதுக்கு முன்சக்கரம் ரெண்டும் சும்மா ஆடற சக்கரம், ஸ்டியரிங்கே கிடையாது. பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா சுத்தற வேகத்துலதான் வண்டி திரும்பும். பின்சக்கரம் ஈரப் புல்லுல வழுக்கிச்சுன்னா ஓட்டுறவர் கையில ஒண்ணுமே இருக்காது. உங்க நிலம் எங்க இறங்குது? வாய்க்காலுக்கு. பொடி மணல்ல அந்த ஆடற சக்கரம் புதையும், அது தனிக் கதை. தம்பி ஊர்ல அது ராஜா மாதிரி ஓடட்டும், இங்க வேணாம்.

கப்பல்ல பழசு வரவழைக்கற யோசனைய இன்னிக்கே விட்டுடுங்க. வண்டி வந்துடும், பெல்ட் வராது. டெக் பெல்ட்டுன்னு ஒண்ணு இருக்கு, அது மாவு மில்லு பெல்ட்டு மாதிரி எப்பவும் இறுக்கமா ஓடறது இல்லை. ப்ளேடைப் போடும்போது இறுகும், எடுக்கும்போது தளரும், வழுக்கி வழுக்கிப் பிடிக்கும். அதுக்குன்னே உள்ள நூல் வேற. நேரு வீதியில அதே நீளத்துல சாதா வி-பெல்ட் வாங்கி மாட்டினா ரெண்டு வரிசை வெட்டறதுக்குள்ள கருகின வாசனை வரும். அதனால கடையில விலை கேக்கறதுக்கு முன்னாடி, "டெக் பெல்ட், ப்ளேடு, அது சுத்தற ஸ்பிண்டில் தண்டு மூணும் இப்போ ஸ்டாக்குல இருக்கா, கையில எடுத்துக் காட்டுங்க"ன்னு கேளுங்க. காட்டினா மேற்கொண்டு பேசுங்க. ஹஸ்க்வர்னா ஓரளவு ஓடுது நம்ம பக்கம். இன்ஜின் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டனா இருந்தா என்ன மாதிரி ஆளுக்குக் கை பழகினது. எந்தக் கம்பெனியா இருந்தாலும் முதல் ரெண்டு பெல்ட்டையும் ஒரு செட் ப்ளேடையும் வண்டியோடவே வாங்கி வீட்டுல வெச்சுக்கங்க.

கியரா ஹைட்ரோவான்னா, ஐயாவுக்கு மூட்டு வலின்னு சொன்னீங்க. ஹைட்ரோ. கிளட்ச் மிதிச்சு, நிறுத்தி, கியர் மாத்தற வேலை இல்லை. பாத்தி ஓரத்துல மெதுவா, திறந்த இடத்துல வேகமா, எல்லாம் ஒரே பெடல்ல. விலை கூடத்தான், இதுல மட்டும் கஞ்சம் பாக்காதீங்க.

இப்போ மணல். இதை யாரும் சொல்ல மாட்டாங்க. ப்ளேடை எடுத்துப் பாருங்க, பின்விளிம்பு மேல வளைஞ்சு சின்னச் சிறகு மாதிரி இருக்கும். வெட்டுறது முன்விளிம்பு. சிறகு காத்தை மேல இழுத்துப் படுத்த புல்லை நிமிர்த்தும், வெட்டினதைத் துப்பும். செம்மண்ணுல சரி. உங்க மண்ணுல அது புல்லோட சேர்த்து மணலையும் உறிஞ்சும். டெக்குக்குள்ள மணல் சுத்தினா உப்புத்தாள் போட்டுத் தேய்க்கற மாதிரிதான். சிறகு முதல்ல மெலியும், அப்புறம் கோடு விழும், அப்புறம் ஒரு நாள் அந்தத் துண்டு தனியா பறக்கும். ரெட்டிச்சாவடி பக்கத்து ரிசார்ட் வண்டி ஒண்ணு பட்டறையில நிக்குது, அதோட ப்ளேடுல சிறகு இருந்த இடம் வெட்டின தகரம் மாதிரி கூர்மையா இருக்கு, விரல் வெச்சா அறுத்துடும். அதனால சிறகு தாழ்ந்த லோ லிஃப்ட் ப்ளேடு கேட்டு வாங்குங்க. டெக்கை மூணு அங்குலத்துக்குக் கீழ இறக்காதீங்க. ஒட்ட வெட்டினா அழகுன்னு சொல்வாங்க, மணல்ல அது ப்ளேடுக்குச் செலவு, புல்லுக்கும் வேர் காயும். ஒரு வெட்டுல உயரத்துல மூணுல ஒரு பங்குக்கு மேல எடுக்காம இருக்கறது நல்லது.

தோப்புல வண்டி இறக்கறதுக்கு முன்னாடி ஒரு ஆள் முன்ன நடக்கணும். மட்டை, பாளை, குரும்பை, தேங்காய் எல்லாத்தையும் பாத்திக்குள்ள எறிஞ்சிடணும். பன்னாடை ஸ்பிண்டில்ல சுத்திக்கிச்சுன்னா பேரிங் போகிற வரைக்கும் வெளிய தெரியாது. 2024 ஃபெஞ்சல் புயல்ல விழுந்த மரம் ஏதாவது இருந்தா அடிக்கட்டையைத் தரையோட விட்டு வெக்காதீங்க. புல்லு மூடிடும், ஸ்பிண்டில் வளையும். சொட்டுநீர்க் குழாய் மேல கிடந்தா அதையும் பாத்துக்கங்க.

இன்னும் பெட்ரோல் விஷயம் சொல்ல வேண்டியது இருக்கு, அதை நைட்டு எழுதறேன். வேலை வந்துடுச்சு.


பண்ருட்டி முந்திரி:

பட்டறை அண்ணன் சொன்னது எல்லாம் சரி. ஆனா மூணரை, நாலு லட்சம் போட்டுப் புல்லு மட்டும் வெட்டுற வண்டி எதுக்குன்னு எனக்குப் புரியலை. இன்னும் கொஞ்சம் போட்டா 18 எச்பி மினி டிராக்டர் வரும். பின்னாடி ஸ்லாஷர் மாட்டினா முழங்கால் கோரை என்ன, சின்னக் கருவேலங்கன்னையும் போட்டுத் தள்ளும். ரோட்டவேட்டர் மாட்டலாம், டிரெய்லர் மாட்டி எரு ஏத்தலாம், மருந்து அடிக்கலாம். டீசல்ங்கறதால பெட்ரோல் கேன் தொல்லையும் இல்லை. பெல்ட்டு, பேட்டரி, டயரு எல்லாம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலே கிடைக்கும். எங்க முந்திரிக் காட்டுல அப்படித்தான். என்ன, முந்திரிக் கிளை தாழ்வா இருக்கறதால குனிஞ்சு குனிஞ்சு ஓட்டணும். தென்னைக்கு அந்தத் தொல்லையும் கிடையாது.


கிருமாம்பாக்கம் தோப்பு:

பட்டறை தம்பிக்கு ரொம்ப நன்றி. டேப் எடுத்துப் போய் அளந்தேன். பாத்திகள் ஆறடி சரியாக இருக்கின்றன. கேட் நாலடி என்று எழுதியது தவறு, தூணுக்குத் தூண் மூன்றடி பத்து அங்குலம்தான்!

பண்ருட்டி தம்பி சொல்வதும் மனதுக்குப் பிடிக்கிறது. மினி டிராக்டரைப் புல்தரையிலும் ஓட்டலாமா? ஒரே வண்டியில் இரண்டும் முடிந்தால் எங்களுக்கு நிம்மதி.


மொரட்டாண்டி பட்டறை:

முந்திரித் தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு. வெறும் தோப்பு மட்டும்னா நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். உழவு, எரு, புல் எல்லாத்துக்கும் அது ஆகும். மூணரை லட்சத்து வண்டியில ரோட்டவேட்டர் மாட்டலாமான்னு யாராவது கேட்டா சத்தியமா கூடாது. அதோட பின் ஆக்சில் புல்லு வெட்டவும் சின்ன டிரெய்லர் இழுக்கவும் மட்டும்தான்.

ஆனா அம்மா வீட்டைச் சுத்தி முக்கால் ஏக்கர் புல்தரை இருக்கே. மினி டிராக்டர் 600 கிலோவுக்குக் குறையாது, உழவு டயரு வேற. மழை விட்ட மறுநாள் இறக்கினா சக்கரத் தடம் பள்ளமா நிக்கும். புல்வெட்டி வண்டி 200 கிலோ சுமார், டயரும் வழவழன்னு அகலம். ஸ்லாஷரோட வெட்டும் கரடுமுரடு, புல்லு நுனி கிழிஞ்சு மஞ்சளடிக்கும்.

ரெண்டு வழி இருக்கு. புல்தரைக்கு 42 வாங்கி, தோப்பையும் அதுலயே மழைக்காலத்துல அடிக்கடி வெட்டி முழங்காலுக்கு வளர விடாம வெக்கறது. இல்லன்னா புல்தரைக்குத் தள்ளுற மிஷின், தோப்புக்கு வருஷத்துல சில தடவை வாடகை டிராக்டர். ரெண்டாவது வழி காசு கம்மி. ஆனா 18 அங்குலத் தள்ளு மிஷின்ல முக்கால் ஏக்கர்னா ஒரு வெட்டுக்கு ஏழு கிலோமீட்டர் நடக்கணும், மூணு மணி நேரம். ஐயாவோட மூட்டுக்கு அது ஆகாது. 42-ல அதே இடம் முக்கால் மணி, மிஞ்சினா ஒரு மணி. தோப்பு மெதுவா ஓட்டணும், ரெண்டு மணி நேரம் வெச்சுக்கங்க. அதனால நான் முதல் வழியைத்தான் சொல்வேன். இந்த வருஷம் கோரை ஏற்கெனவே ஏறிக் கிடந்தா முதல் வெட்டை மட்டும் பிரஷ் கட்டரோ ஸ்லாஷரோ வெச்சு எடுத்துடுங்க, புது வண்டியை அதுல விடாதீங்க.

பெட்ரோல் சொல்றேன்னு சொன்னேன். இப்போ பங்க்குல சாதாரணமா வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த இன்ஜின்ல நிறையதுக்குப் புத்தகத்துல 10 சதவீதம் வரைக்கும்தான்னு போட்டிருக்கும். வாரா வாரம் ஓடுற வண்டிக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. மாசி, பங்குனியில புல்லு காஞ்சு வண்டி ஷெட்டுல நிக்கும் பாருங்க, அப்பத்தான் எத்தனால் நம்ம கடக்கரைக் காத்துல ஈரத்தை இழுத்து, கார்புரேட்டர்ல பச்சையா பூத்துப் போகும். அப்படி மாசக்கணக்குல நிறுத்தி வெக்கறதுக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணுங்க, பெட்ரோல் டேப்பை மூடிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விடுங்க. கேன்ல மாசக்கணக்குல சேர்த்து வெக்காதீங்க. ஆயில் 50 மணி நேரத்துக்கு ஒரு தடவை, புதுசுல முதல் தடவை அதுக்கு ரொம்ப முன்னாடியே.

டெக்கைக் கழுவறீங்கன்னா உங்க போர் தண்ணி உப்பான்னு பாருங்க. உப்புன்னா கழுவவே வேணாம். ஒரு பட்டித் தகடு எடுத்து ஒட்டின புல்லைச் சுரண்டிட்டு, பழைய ஆயில் கொஞ்சம் துணியில தொட்டுத் தடவி விடுங்க. நெருஞ்சி முள்ளுல பஞ்சர் ஆகாம இருக்க டயர்ல சீலன்ட் ஊத்திடுங்க.


கோட்டக்குப்பம் கெஸ்ட் ஹவுஸ்:

ஒன்றே ஒன்று சேர்க்கிறேன் மேடம். ப்ளேடு ஓடும்போது சீட்டிலிருந்து எழுந்தால் இன்ஜின் நிற்க வேண்டும். சீட்டுக்கு அடியில் அதற்கொரு ஸ்விட்ச் இருக்கும். எங்கள் வண்டி நடுவில் நடுவில் நின்றுபோகிறது என்று ஒரு இடத்தில் சர்வீஸுக்கு விட்டோம். வந்தபின் நிற்கவே இல்லை, சந்தோஷப்பட்டோம். தோட்டக்காரர் ஒரு நாள் கிடந்த மட்டையை எடுக்க இறங்கியபோது ப்ளேடு சுற்றிக்கொண்டே இருந்ததைப் பார்த்துவிட்டு ஓடி வந்து சொன்னார். சீட்டைத் தூக்கினால் ஸ்விட்சின் இரண்டு ஒயரையும் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி வைத்திருந்தார்கள். கனெக்டரில் துரு, அதைச் சுத்தம் செய்தாலே போதுமாயிருந்தது. வண்டி எப்போது சர்வீஸிலிருந்து வந்தாலும் இதைச் சோதித்துவிட்டு வாங்குங்கள். பேரப்பிள்ளைகள் வந்து போகிற வீடென்றால் கண்டிப்பாக. யாரையும் மடியில் உட்கார வைத்து ஓட்டக்கூடாது என்பதையும் சாரிடம் சொல்லிவையுங்கள், தாத்தாக்கள் கேட்க மாட்டார்கள்.


மொரட்டாண்டி பட்டறை:

மேடம் சொன்னது நூத்துக்கு நூறு. அந்த ஒயர் முறுக்கற வேலையை எங்கிட்டயே கேக்கறவங்க இருக்காங்க. செய்ய மாட்டேன்னா வேற பட்டறைக்குப் போறாங்க.

அம்மா, வாய்க்கால் சரிவுல மேலேருந்து கீழ, கீழேருந்து மேல மட்டும் ஓட்டச் சொல்லுங்க. குறுக்க ஓட்டினா வண்டி புரளும். கரையிலேருந்து பத்தடி விட்டுடுங்க, அதுக்குப் பிரஷ் கட்டர்காரரே போதும்.


சோரியாங்குப்பம் பால்:

அப்போ வெட்டின புல்லை எனக்குக் குடுத்துடுங்க அக்கா, வண்டி எடுத்துட்டு வரேன்.


மொரட்டாண்டி பட்டறை:

அண்ணே, இந்த மிஷின்ல வெட்டினது பொடிப்பொடியா இருக்கும், குவிச்சா சீக்கிரமே சூடேறிப் புளிச்சுடும். மணலும் இருக்கும். மாட்டுக்கு வேணாம். தோப்புல சூட்டைப் பாத்தி பக்கம் வெச்சு ஓட்டினா புல்லு நேரா பாத்திக்குள்ளயே விழும், மூடாக்காயிடும். முதல் சுத்து எந்தப் பக்கமா போகணும்னு அதை வெச்சு முடிவு பண்ணுங்கம்மா.


கிருமாம்பாக்கம் தோப்பு:

கொத்தனார் திங்கட்கிழமை வருகிறார். கேட்டை அஞ்சரை அடியாக்கச் சொல்லிவிட்டேன். நாத்தனார் மகனுக்கும் சொல்லியாயிற்று, கொஞ்சம் கோபம்தான்.

இரண்டு கடையில் 42 ஹைட்ரோ கேட்டேன். ஒரு கடையில் பெல்ட்டும் ப்ளேடும் எடுத்துக் காட்டினார்கள், ஸ்பிண்டில் பத்து நாளில் வரவழைப்போம் என்றார்கள். விலையும் அங்கே கொஞ்சம் கூட. இன்னொரு கடைக்காரர் விலை குறைக்கிறார், ஆனால் வீட்டுப் புல்தரையில்தான் டெமோ ஓட்டிக் காட்டுவாராம், தோப்புக்குள் இறக்க மாட்டாராம். எதற்குப் போவது?


மொரட்டாண்டி பட்டறை:

முதல் கடை. அங்கயும் தோப்புல ஒரு வரிசை முழுசா ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, ஐயாவையே உக்கார வெச்சு. ஸ்பிண்டில் ஒண்ணுக்கு இப்பவே காசு கட்டி ஆர்டர் போட்டுடுங்க.